மின்தூக்கியில் ஏறிய கல்

பல் மருத்துவர் ஊன்றுகோலை முன்னே வைத்து, மாவுக்கட்டுப் போட்ட காலை மெல்ல உள்ளே எடுத்து வைத்ததும் மின்தூக்கி அலறத் தொடங்கியது.

எடை மிகுந்துவிட்டது என்று அறிவிக்கும் மணி அது. யாரேனும் இறங்கினாலொழிய ஓயாது, கதவும் மூடாது.

உள்ளே இருந்த நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் மேற்கூரையை ஆராயத் தொடங்கினோம்.

“யார் செய்தது?” என்று கேட்டதும் மாணவர்கள் கூரையைப் பார்ப்பதை வாழ்நாள் முழுவதும் கண்ட தமிழாசிரியன் நான். நரைத்த தலைகள் அதையே செய்வதுதான் வெட்கக்கேடு. அவற்றுள் என் தலையும் ஒன்று என்பதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

எட்டாம் மாடி மண்டபத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்தல். கூட்டம் தொடங்கும்போது மண்டபத்தில் இல்லாதவர் போட்டியிட முடியாது என்பது சங்கத்தின் விதி. போட்டியிடுவோர் இருவரே. ஒருவர், இப்போதைய தலைவர். மற்றவர், மாவுக்கட்டோடு ஏறிய இந்த மருத்துவர்.

“கடைசியா ஏறினவங்கதானே இறங்கணும்? அதுதானே முறை?” என்றார் தலைவர், யார் முகத்தையும் பாராமல்.

முறையாம்! ஒற்றைக் காலில் நிற்பவரை எட்டு மாடி ஏறச் சொல்வதற்கு முறை என்று பெயர்!

மருத்துவர் வெளியே இறங்க ஊன்றுகோலைத் திருப்பினார்.

“நீங்க நில்லுங்க தம்பி. எல்லாரும் கொஞ்சம் வயித்த உள்ள இழுங்க, நான் வெளிய போகணும்.”

எங்கள் முதுகுகளுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். தலைவரின் அம்மா. எண்பதைத் தொட்டவர். எங்களை இடமும் வலமுமாக ஒதுக்கிக்கொண்டு வந்து, வெளியே இறங்கி நின்றார்.

மணி ஓயவில்லை.

ஓய்ந்திருந்தால்தான் வியப்பு. பிழிந்து உதறிய துண்டு போன்ற உடம்பு அது. அதன் எடையை மின்தூக்கி கணக்கிலேயே எடுத்திராது.

அம்மா திரும்பி மகனைப் பார்த்தார். மகன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்படிச் செய்தால் எடை குறையும் என்று எந்த அறிவியல் நூலில் படித்தாரோ, நானறியேன்.

“டேய், இறங்குடா.”

“நான் இல்லாம கூட்டமே கிடையாதும்மா.”

“அப்ப அத இறக்கு.”

மூலையில் சக்கரப் பலகையின்மேல், போர்வை போர்த்தி நிறுத்தியிருந்த கல்லைத்தான் அம்மா சுட்டினார். மண்டபச் சுவரில் பதிப்பதற்கென்று தலைவர் தம் சொந்தச் செலவில் செதுக்கி வாங்கி வந்த கல்வெட்டு. இரண்டு ஆள் கனம் இருக்கும்.

“ஐயோ அம்மா, அதுல உன்னப் பத்தித்தான் எழுதியிருக்கேன்!”

“என்னப் பத்தியா?” அம்மா இடுப்பில் கை வைத்தார். “நானே இறங்கிட்டேன். அது மட்டும் மேல போய் என்னடா கிழிக்கப் போகுது?”

முதலில் சிரித்தவர் மூன்றாம் மாடி அம்மையார். பிறகு அனைவரும் சிரித்தோம். மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. காலை அசைக்கக்கூடாதென்று அவருக்கு உத்தரவு.

தலைவர் காது சிவக்கப் பலகையைத் தள்ளினார். கல் வாயிலைத் தாண்டியதும் மணி நின்றது. தாவி உள்ளே வரத் திரும்பினார். அம்மாவின் கை அவருடைய சட்டையைப் பின்புறமாகப் பற்றியிருந்தது.

“மத்தவங்க எல்லாம் போகட்டும். நாம கடைசியா போவோம்.”

கதவு மூடியது.

மண்டபத்தில் நேரமாகிவிட்டது. செயலாளர் கூட்டத்தைத் தொடங்க எழுந்தார். தொடங்கியிருந்தால் மருத்துவர் போட்டியின்றி வென்றிருப்பார். அவரோ ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்.

“இருங்க சார். அவர் வரட்டும்.”

மின்தூக்கி இறங்கியது, ஏறியது. மீண்டும் இறங்கியது, ஏறியது. ஒவ்வொரு முறையும் முழங்கால் வலிக்காரர்களாகவே வெளிவந்தனர். கீழே நின்று அம்மா ஒவ்வொருவராக ஏற்றிவிடுகிறாராம். தலைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம்.

கடைசியாக அவ்விருவரும் வந்தனர். தலைவர் வியர்வையில் நனைந்திருந்தார். அம்மாவின் கையில், நேர்த்தியாக மடித்த போர்வை இருந்தது.

மருத்துவரை ஆதரிப்போர் கைதூக்குமாறு செயலாளர் கேட்டார். முதலில் உயர்ந்த கை மிகவும் மெலிந்த கை. யாருடையதென்று தலைவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபின் கூரையை ஆராயத் தொடங்கினார்.

கல் மேலே வரவேயில்லை. கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்கு அருகே, செங்கற்களின்மேல் எழுத்துப் பக்கம் கீழாகக் கிடத்தப்பட்டு, காத்திருப்போர் அமரும் இருக்கையாகிவிட்டது. “கால் வலிக்கிறவங்க கொஞ்சம் உக்காரட்டும்” என்று அம்மா செய்த ஏற்பாடு. நானும் அமர்வதுண்டு.

அதன் அடியில் உள்ளதை அறிந்தவர்கள் செதுக்கியவர், செதுக்கச் சொன்னவர், நான் ஆகிய மூவரே என்று எண்ணியிருந்தேன். மடித்த போர்வையை நினைத்துப் பார்த்தால் நால்வர்.

“பெற்ற தாயிடம் தன்னலமின்மை பயின்று, இந்நாளில் இரண்டாம் முறையாக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்” என்று பொறித்து, கீழே அவர் பெயரும் தேர்தல் நடந்த அந்நாளின் தேதியும்.

செதுக்குவதற்கு ஒரு வாரம் முன்பே தலைவர் இந்த வாசகத்தை என்னிடம் காட்டினார். பிழை ஏதும் இல்லை என்று கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.