கைரியா விற்க மறுத்த வான்

“ஒங்களுக்கு இந்த வானைத் தர ஏலா டீச்சர். குறை நினைக்க வாணாம்.”

கெலிஓயாவில் தன் வீட்டு முற்றத்தில் நின்று கைரியா இப்படிச் சொன்னபோது, சரோஜினிதேவிக்கு முதலில் விளங்கவேயில்லை. முற்பணத்தோடு வந்திருந்தாள். பக்கத்தில் கணவர் வரதராசா. எதிரே வாகனத் தரகர்.

பத்து நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கைரியா தேத்தண்ணி தந்தாள். “ஆரு ஓட்டப்போற?” என்று கேட்டாள்.

“இவர்தான்.”

“எந்த ஊர்?”

“சாவகச்சேரி. கண்டிக்கு மாற்றலாகி மூண்டு வருஷம்.”

அதோடு கைரியாவின் முகம் மாறிவிட்டது.

போர் உச்சத்தில் இருந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அது. வடக்கில் உள்ள ஊர்ப் பேரைச் சொன்னதும் முகங்கள் மாறுவது சரோஜினிதேவிக்குப் புதிதல்ல. ஆனால் இந்த வானை அப்படி விட்டுவிட அவளால் முடியவில்லை.

மூத்தவள் கௌசிக்கு இழுப்பு. கண்டி டவுன் நெரிசலில் டீசல் புகையைக் குடித்துப் பள்ளிக்கூடம் போய்வந்து, வாரத்தில் ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வாசல்தான். வீட்டில் ஆறு பேரும் போய்வர பெற்றோல் வாகனம் கட்டுப்படியாகாது. டீசல் எடுக்கலாமென்றால், புகைக்குப் பயந்தவளே புகை கக்கும் வண்டியை வாங்குவதா? மாதக்கணக்கில் தேடித்தான் இந்த ஜப்பான் வானைக் கண்டுபிடித்தாள். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கிற பில்டரோடு வந்தது.

போன கிழமை இதே முற்றத்தில், கைரியா வாசலில் நின்று பார்த்திருக்க, மெக்கானிக் பொன்னையா வானுக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“வண்டி தங்கம் டீச்சர். இந்த பில்டருதான் நம்ம ஊரு டீசலுக்கு அடைச்சுக்கிரும். மெதுவா ஓட்டினா இன்னும் மோசம். எல்லாரும் கழட்டி வீசிட்டு வெறும் குழாயைப் பூட்டிடுறாங்க. நாமளும் அப்புடியே செஞ்சிருவோமா?”

“கழட்டினால் புகை?”

“அது பின்னாடி வர்றவனுக்குத்தானே!”

“பின்னால வாறதும் ஆரோ ஒருத்தற்ற பிள்ளைதான். அடைச்சால் எத்தனை தரமெண்டாலும் கழுவுவம். கழட்டவே கூடாது.”

“இனிமே புகைச் சான்றிதழ் கேப்பாங்களாம்னு பயப்படுறீங்களா? அதுக்கெல்லாம் வழி இருக்குங்க.”

“சான்றிதழுக்கு வழியிருக்கும் பொன்னையா. என்ர பிள்ளைக்கு இருக்கிறது ஒரு நெஞ்சுதான்.”

பொன்னையா கையைத் துடைத்துக்கொண்டார். அப்படி ஆசையாகப் பார்த்து வைத்த வானைத்தான் இப்போது கைரியா தரமுடியாது என்கிறாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் வரதராசா தணிந்த குரலில் சொன்னார். “விடும் சரோ. மனுசிக்கு எங்கட ஊரைக் கேட்டதும் பயம் வந்திட்டுது. வாடகைக்கு வீடு தரவே யோசிக்கினம், வான் தருவினமே?”

“எனக்கு அந்த வான் வேணும். இல்லாட்டி காரணம் வேணும்.”

தரகரிடம் சொல்லி விலையைக் கூட்டிப் பார்த்தாள். முடியாது என்றே பதில் வந்தது. பத்தாம் நாள், சனிக்கிழமை காலை, தனியாகவே கெலிஓயாவுக்குப் போய் இறங்கினாள். ‘விற்பனைக்கு’ என்ற அட்டையோடு வான் அங்கேயே நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊர் எதெண்டு தெரிஞ்ச பிறகுதானே ஏலாதெண்டனியள்? உள்ளதை என்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ. நாங்கள் இந்த வானுக்குள்ள குண்டு கொண்டு போவமெண்டு நினைச்சியளோ?”

கைரியா வெளியே ஒழுங்கையில் ஆளிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு கேற்றைச் சாத்தினாள். உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினாள்.

“அன்டைக்கு தரகர் முன்னுக்கு வாய் தொறக்க ஏலாமப் போச்சு டீச்சர். இந்த வானை ஓட்டினது கறுப்பையா. ஹேவாஹெட்ட தோட்டத்து ஆள். எங்கட வீட்டுல பத்து வருசம். பில்டர் அடைச்சா லைட் ஒன்டு பத்தும். நிக்காம அரை மணித்தியாலம் வேகமா ஓடினாத்தான் உள்ள சேர்ந்த கரி எரிஞ்சு போகும். இப்ப எந்த ரோட்டுல நிக்காம ஓட ஏலும்? அடிக்கொரு ஆமி செக் பொயின்ட்.”

சரோஜினிதேவி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

“தெல்தெனியவுக்குப் போற வழியில லைட் பத்தியிரிக்கி. ரெண்டு இடத்துல நிப்பாட்டி, இறங்கி, எல்லாம் காட்டினான். மூனாவது இடத்துக்குக் கொஞ்சம் முன்னுக்கு இழுவையில்லாம வான் தானாவே நின்டுட்டு. அவங்களக் கண்டு வேணுமின்டே நிப்பாட்டினதா நெனச்சிட்டாங்க. அடையாள அட்டையில தமிழ்ப் பேரைப் பார்த்தாங்க. கூட்டிப் போய் அஞ்சு மாசம். வானை மட்டும் விட்டுட்டாங்க, அவன் இன்னும் வெளிய வரல்ல.”

கைரியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“பில்டரைக் கழட்டினா நிக்காதுதான். நீங்க புள்ளைக்காகக் கழட்டவே மாட்டேன்டீங்க. அது நல்ல முடிவு, மாத்துங்கன்டு செல்ல எனக்கு வாய் வரல்ல. ஆனா ஓட்டப்போறது உங்கட அவரு, அதுவும் சாவகச்சேரி ஆளுன்டதும் கறுப்பையாதான் கண்ணுக்குள்ள வந்து நின்டான். கறுப்பையாட பொஞ்சாதிட முகத்தைப் பார்க்க ஏலாம நிக்கிறேன். உங்கட முகத்தையும் அப்பிடிப் பார்க்க எனக்குத் தெம்பில்ல.”

சரோஜினிதேவி முற்றத்தில் நின்ற வானைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நான் சொன்ன விலைக்கு வேற ஆரும் எடுக்கமாட்டினம். அதையும் வேண்டாமெண்டிட்டியள். பிறகேன் இந்த வானை விக்க இவ்வளவு அந்தரப்படுறியள்?”

“கறுப்பையாவ வெளிய எடுக்க வக்கீல் புடிக்கணுமே டீச்சர்.”