அழுக்குப் பஞ்சு

கண்ணாடித் தொட்டி, மோட்டார், கூழாங்கல், விளக்கு எல்லாவற்றையும் விற்று முடித்த பிறகு, மீன் மட்டும் தர மாட்டேன் என்றார் கடைக்காரம்மா.

"மீனுக்கு ஒரு மாசம் கழிச்சு வாங்க."

தொட்டி வாங்க வந்த இரும்புக் கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. தெருத்தெருவாகப் பழைய இரும்பு வாங்கி ஆளானவர் அவர். ஏமாற்றுகிறவன் வாயைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்.

"தொட்டி விக்கத் தெரியுது, மீன் விக்கத் தெரியலையா? இன்னொரு தடவை வரவழைச்சு இன்னும் நாலு சாமானைத் தலையில கட்டத்தானே?"

கடைக்காரம்மா நிதானமாகவே விளக்கினார். புதுத் தண்ணீரில் மீன் விட்டால் அதன் கழிவே அதற்கு விஷம். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகள் மோட்டாருக்குள் இருக்கும் ஃபில்டர் பஞ்சில் ஊறி வளர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை அந்தக் கிருமிகளுக்காகத் தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, மீன் இல்லாமலே தொட்டி ஓட வேண்டும்.

அதோடு, இவர் ஆசையாகக் கைகாட்டிய மூன்று வகை மீனும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதாம். தங்க மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர். நீளத் துடுப்புக்காரிக்கு வெதுவெதுப்பு. மூன்றாவது, பக்கத்தில் இருப்பவர் துடுப்பைக் கடித்தெடுக்காமல் விடாது.

"நான் மீன் வாங்க வந்தேனா, சம்பந்தம் பேச வந்தேனா?" என்று சீறினார். பிறகு குரல் தானாக இறங்கியது.

"அண்ணனுக்கு ஒரு மாசம் இல்லம்மா."

அப்பா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்த அண்ணன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வாரக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பக்கமாகத்தான் படுக்க முடியும். அந்தப் பக்கம் இருப்பது வெறும் சுவர். 'சுவரையே எத்தனை நாள்டா பார்க்கறது, ரெண்டு மீனாவது வாங்கி விடேன்' என்று கேட்டிருந்தார். வாழ்நாளில் தம்பியிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கடைக்காரம்மா ரசீதில் விலாசத்தை எழுதிக்கொண்டே கேட்டார்.

"அவர் கண் முன்னால ஒவ்வொண்ணா செத்து மிதந்தா பரவாயில்லையா?"

 இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று கத்திவிட்டு, இரும்புக் கடைக்காரர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம், ரசீதில் இருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு கடைக்காரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கையில் தண்ணீர்ப் பையில் ஆறு பொடி மீன்கள், எல்லாம் ஒரே இனம். இன்னொரு கையில் மூடிய வாளி.

வாளிக்குள் ஒரு பஞ்சு. பழுப்பேறி, வழவழவென்று, குளத்துச் சேறு மாதிரி நாற்றம். மோட்டாரிலிருந்த வெள்ளைப் பஞ்சைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்.

"புதுசுக்கு விலை வாங்கிட்டு, எவனோ தூக்கிப் போட்ட அழுக்கை மாட்டறீங்களே, இது நியாயமா?"

"இதை மட்டும் எப்பவும் குழாய்த் தண்ணியில கழுவிடாதீங்க."

இரும்புக் கடைக்காரர் மேலே பேசுவதற்குள் கட்டிலிலிருந்து அண்ணன் கையை லேசாக உயர்த்தினார். தம்பி அடங்கிப் போய்க் காபி போடச் சமையலறைக்குள் நுழைந்தார். திரும்பி வந்தபோது அண்ணனும் கடைக்காரம்மாவும் மெதுவான குரலில் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. ஆறும் கூட்டமாக ஒரே சமயத்தில் திரும்பும். தினமும் கண் விழித்ததும் அண்ணன் எண்ணுவார். "ஆறும் இருக்குடா தம்பி." அதற்குப் பிறகுதான் மாத்திரைக்கு வாயைத் திறப்பார்.

பத்தாம் நாள், வேறு வழியில்லாமல் தீனி வாங்க அதே கடைக்குப் போனார் இரும்புக் கடைக்காரர். கல்லாவுக்குப் பக்கத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டை தொங்கிய பெரிய தொட்டி கலங்கிக் கிடந்தது. செத்துப்போன, உள்ளங்கை அகல மீன்கள் இரண்டைக் கடைக்காரம்மா காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக வளர்த்த ஜோடி, எவ்வளவு கேட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று அங்கே நின்ற ஒருவர் முணுமுணுத்தார்.

இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எனக்கு அவ்வளவு பாடம் எடுத்தீங்களேம்மா. சொந்தத் தொட்டியைப் பார்த்துக்கத் தெரியலையா?"

 கடைக்காரம்மா தீனிப் பொட்டலத்தை நீட்டினார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சிரிப்பும் நக்கலுமாகச் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமா போயிடுச்சு?"

"ரெண்டும்தான்."

அண்ணன் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"இங்கே ஓடுற கிருமி ஊறின பஞ்சு அந்தத் தொட்டியில இருந்து கழட்டினதுடா. பாதியை வெட்டினா ரெண்டு தொட்டி மீனும் பிழைக்கிறது நிச்சயமில்லன்னு முழுசையும் கொண்டாந்துட்டாங்க. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. அப்போ உங்க மீனுக்கு ஆபத்தில்லையான்னு கேட்டேன். 'எனக்குப் பார்க்கக் கடை பூரா மீன் இருக்குண்ணே, உங்களுக்கு இது ஒண்ணுதானே'ன்னாங்க."