செவலைக்கு வெட்டும் குழி

தீபாவளிக்கு மறுநாள் காலை. பொம்மைக் கம்பெனிச் சுவருக்குப் பின்னால், உடைந்த பீங்கான் கொட்டிய மேட்டில் அய்யாக்கண்ணு குழி வெட்டுகிறார். மண்வெட்டி இறங்கும்போதெல்லாம் சில்லுகள் கிரீச்சிடுகின்றன. பக்கத்தில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது அவர் வளர்த்த நாய் செவலை. வால் நுனி மட்டும் வெளியே தெரிகிறது. ராத்திரி சரவெடிக்கு மிரண்டு, கட்டிய சங்கிலியோடு வீட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்ததில் கழுத்து இறுகிவிட்டது. வழக்கம்போல் கறியெலும்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பூங்கோதை கிண்ணமும் கையுமாக நிற்கிறாள்.

“விதிங்க பெரியப்பா. நீங்க என்னா பண்ணுவீங்க?”

“விதியாம் விதி! பட்டாசுக்கு மெரளுது, அவுத்து வூட்டுக்குள்ள வுடுங்கன்னு நீ சொன்னியா இல்லியா?”

அவள் சாக்கை இழுத்து வால் நுனியை மூடுகிறாள்.

“நாயத் திருடிக்கிட்டுப் போவத்தான் அவுக்கச் சொல்றேன்னு ஒன்னையே ஏசுனேன். நீ அவுக்கச் சொன்னேன்னு சொல்லு.”

“நான் எங்கங்க சொன்னேன்? நீங்களும் ஏசலியே.”

பெற்ற மகன் பேச்சையே நம்பாதவர் அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறார். “பொய் சொல்லாத, பூங்கோத.” அதட்டலாக வரவேண்டிய குரல் கெஞ்சலாக வருகிறது.