வழுக்காத தரை

என் புருசனைக் கட்டிக்கொண்டவள் கறுப்பு டைல்ஸ் கேட்டாள்.

"முகம் தெரியிற மாதிரி மினுக்கமா வேணும் ராத்தா. குசினிக்கு."

டைல்ஸ் கடையில் வேலைக்கு நிற்கும் நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் பஸ்மினா, ஊர் புத்தளம். அவர்களுடைய நிக்காஹ் படம் என் போனுக்கு வந்தபோது நான் குவைத்தில் யாரோ வீட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, அந்த முகத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குத் தலாக் என்பதே அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

என் படம் ஒன்றுகூட நஸார் அவளுக்குக் காட்டவில்லை போலும். நல்லதாய்ப் போயிற்று.

கறுப்பு டைல்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மன்னார் டவுனில் அதைவிட அழகானது கிடையாது. நாங்கள் சமைக்கிற குசினிகளுக்கு அதைவிடக் கேடுகெட்டதும் கிடையாது.

இங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். கறுப்பில் ஊற்றித் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூக்கும். காலோடு வரும் மணல் மினுக்கத்தைக் கீறிவிடும். மீன் கழுவிய தண்ணீர் கொஞ்சம் சிந்தினால் போதும், ஆளையே வாரிவிடும்.

வெளியூர்க்காரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நாள் முழுக்கக் குனிந்து துடைக்கட்டும். ஒரு நாள் இடுப்பு முறிய விழட்டும். நினைக்கவே எனக்கு இனித்தது.

விற்றுவிடத்தான் நினைத்தேன்.

"இப்ப என்ன தரை கிடக்கு?" என்று கேட்டேன்.

"சிவப்புச் சீமெந்து. மூத்தவ இருக்கேக்க போட்டது." அவள் மூக்கைச் சுளித்தாள். "அவட அடையாளம் ஒண்டும் அந்த வீட்டில மிஞ்சக் கூடாதெண்டு அவர் சொல்லிட்டார். மதில் எழுப்பியாச்சு. கூரை மாத்தியாச்சு. கிணத்துக்கு மோட்டரும் வச்சாச்சு. இனி இந்தக் குசினிதான் மிச்சம்."

அந்தச் சிவப்பை மேசனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தேய்த்து மினுக்கியவள் நான். உள்ளங்கை கொப்புளித்துப் போனது.

குவைத்திலிருந்து வந்த அன்றைக்கு நஸார் என்னை வாசல் படலையிலேயே மறித்தான். "இனி இஞ்ச உனக்கென்ன வேலை?" என்றான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிலாவத்துறைக்கு, என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விட்டேன்.

"வாயில்லாப் பூச்சி" என்று ராத்தா திட்டினாள். நஸாரும் அப்படித்தான் நம்பியிருப்பான்.

கறுப்பைத் தூக்கித் திரும்பவும் அடுக்கில் வைத்தேன்.

"இது வேண்டாம் தங்கச்சி. உங்களுக்குச் சரிவராது."

மணல் நிறத்தில் கொஞ்சம் சொரசொரப்பான ஒன்றை எடுத்தேன். அதன் உடைந்த துண்டையும் காட்டினேன். உள்ளும் புறமும் ஒரே நிறம். அம்மிக் குழவி விழுந்து மூலை பெயர்ந்தாலும் வடு தெரியாது. போத்தலில் இருந்த தண்ணீரை மேலே ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்க்கச் சொன்னேன். கால் அசையவில்லை. அவள் குழந்தை மாதிரி இன்னொரு முறை மிதித்துப் பார்த்தாள்.

"உப்பும் தெரியாது, மணலும் தெரியாது. காலம் முழுக்கக் கிடக்கும்" என்றேன்.

அவள் போனைப் பார்த்து அளவைச் சொன்னாள். நான் கணக்குப் போட்டேன்.

"கிணத்தடிக் கதவுக்குப் பக்கத்தில உள்ள மூலையையும் சேர்த்துத்தானே?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"மூலை இருக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இஞ்ச எல்லாக் குசினியும் அப்பிடித்தான் தங்கச்சி. அந்த மூலையிலதான் தண்ணி தேங்கும். கொஞ்சம் வாட்டம் விட்டு ஒட்டச் சொல்லுங்கோ. இடைவெளிக்குக் கறுத்த பூச்சுப் போடச் சொல்லுங்கோ, மீன் கறை தெரியாது."

அவள் கண்ணில் அப்படியொரு நன்றி. அவள் மேல் எனக்கு இரக்கம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"அவர் நண்டு லொறியோட கொழும்புக்குப் போயிட்டார். தனிய வந்து என்னத்தை வாங்கப்போறனோ எண்டு பயந்துபோனன். சொந்த வீட்டுக்குப் பார்க்கிற மாதிரிப் பார்த்துத் தந்திட்டீங்க."

நான் சிரித்தேன். பெட்டிகளை ஏற்றச் சொல்லிவிட்டு வாசல் வரை அவளோடு போனேன்.

"ஒட்டி முடிஞ்சதும் கட்டாயம் வந்து பாருங்க ராத்தா. தாராபுரம், பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை. படலையடியில ஒரு வேம்பு நிக்கும். ஆரைக் கேட்டாலும் நஸார்ட வீடெண்டு காட்டுவாங்க."

"கட்டாயம் வாறன்" என்றேன்.

அந்த வேம்பை நட்டது என் வாப்பா. நிழலுக்கென்று நட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் எனக்கு வீட்டைக் கட்டத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் சீதன வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார், பிரிந்தால் அதோடேயே போவார். நஸாரும் ஒரு பெட்டியோடுதான் வந்தான். நான் பேசாமல் இருந்ததில் அவனுக்கு அது மறந்து போயிற்று.

மதில் எழும்பட்டும், கூரை மாறட்டும், மோட்டர் வரட்டும் என்றுதான் நான் பேசாமல் இருந்தேன்.

இனிக் குசினியும் முடியட்டும். உப்புப் பூத்த கறுப்புத் தரையைக் காலம் முழுக்கக் குனிந்து துடைக்க என்னால் ஏலாது.