பொன் பூசியவர் தூணோரம் நிற்கிறார்

ஆத்தோஸ் மலை மடாலயக் கோயிலில் உயிர்ப்பு ஞாயிறு விடிகிறது. கிரேக்க எழுத்தில் கையால் படியெடுத்த புதிய நற்செய்தி நூலை, வழிபாட்டில் வாசிக்கும் திருத்தொண்டர் முதன்முறையாகத் திறக்கிறார். திறந்தவர் வாசிக்கவில்லை. தூணோரம், அதைப் படியெடுத்த துறவி சாபாஸுக்கு வியர்க்கிறது. "ஐயையோ, முதல் வரியிலயே எதையாவது விட்டுத் தொலைச்சுட்டேனா?" "வாய மூடுய்யா, அங்க பாரு" என்கிறார் பக்கத்தில் நிற்கும் லெயோந்தியோஸ். அந்த நூலுக்குப் பொன் பூசியவர் அவர். வேலை நடந்த மூன்று வருடமும் சன்னல் வெளிச்சத்தில் மட்டுமே அதன் பக்கங்களைப் பார்த்தவர். இப்போது மெழுகுவத்திச் சுடர்கள் அசைய அசைய, தாளிலிருந்து எழும் பொன்னொளி திருத்தொண்டரின் நரைத்த தாடியிலும் நெற்றியிலும் தண்ணீர் போல அலைகிறது. மனப்பாடமான வரிதான், திருத்தொண்டரின் கண் அந்தப் பொன்னை விட்டு நகரவில்லை. லெயோந்தியோஸ் தன் விரல்களைப் பார்க்கிறார். "இத நானா பூசினேன்?"