செவலையும் கணினி அறைப் பெட்டியும்

நகராட்சி அலுவலகத்துக்குக் காவலாக இருந்த செவலை என்ற நாய்க்கு, கணினி அறையில் புதிதாக வந்த பெட்டியைக் கண்டாலே வயிறு பற்றி எரிந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அந்தப் பெட்டி வழியாக அலுவலகக் கணினிகளை இரவும் பகலும் கண்காணித்தது.

"நீ யாரையாவது கடிச்சிருக்கியா?" என்று கேட்டது செவலை.

"எனக்குப் பல் ஏதுண்ணே? கம்ப்யூட்டருக்குள்ள திருடன் நுழைஞ்சா வெளியூர்க் கம்பெனிக்காரங்களுக்குச் சொல்லுவேன். அவங்க உடனே பூட்டிடுவாங்க."

ஒருநாள் அப்படியே ஒரு திருட்டு தடுக்கப்பட்டது. ஊழியர்கள் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்கள். வாசலில் கிடந்த செவலையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அதற்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மதியம் செவலை கணினி அறை வாசலில் படுத்திருந்தபோது, ஒரு பெருச்சாளி உள்ளே வந்து பெட்டியின் வயரைக் கடித்தது.

"அண்ணே, இதை விரட்டுங்கண்ணே! எனக்கு உள்ளே நடக்கிறதுதான் தெரியும்" என்று கெஞ்சியது பெட்டி.

"உன் வெளியூர்க்காரங்களைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுச் செவலை வேடிக்கை பார்த்தது. வயர் அறுந்தது, பெட்டியின் விளக்கு அணைந்தது. இனி நம்மைத்தான் தேடுவார்கள் என்று அது நிமிர்ந்து உட்கார்ந்தது.

உடனே மேலாளரின் தொலைபேசி அடித்தது. பெட்டி பேச்சை நிறுத்திவிட்டதே என்று வெளியூரிலிருந்து கேட்டார்கள். மேலாளர் ஓடிவந்து வயரைப் பார்த்தார், பெருச்சாளியைப் பார்த்தார். பிறகு செவலையைப் பார்த்தார்.

"நீ இங்கேயேதான் இருந்தியா?" என்றார்.