சாரையின் பழைய சட்டை

உரித்த சட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போவதுதான் பாம்புகளின் வழக்கம். மதில் பொந்தில் குடியிருந்த சாரைப்பாம்புக்கு மட்டும் அதற்கு மனசு வரவில்லை. போகிற இடமெல்லாம் தன் பழைய சட்டையை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டே போயிற்று. எதிரே எலி வந்தாலும் வாயைத் திறக்காது, சட்டை விழுந்துவிடுமே! எலிகளுக்குப் பயம் விட்டுப்போய், அதன் மேலேயே ஏறி ஓடின.

மதிலில் இருந்த பல்லிக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, இந்தக் கந்தல் எதுக்கு? போன வாரம் பூனைகிட்ட மாட்டினப்போ நான் வாலையே விட்டுட்டு வந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கல."

சாரை சட்டையைப் பத்திரமாகக் கீழே வைத்தது. "உனக்கென்னப்பா, வால் மறுபடி முளைச்சுக்கும்."

"உனக்கும்தான் புதுசு முளைச்சுப் பளபளன்னு இருக்கே!"

"இருக்கட்டும். இது உடம்போட ஒட்டிப் பழகினது. பனிக்காலத்துக்கு ஆகும்."

சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்குள்ளிருந்து கீரி பாய்ந்தது. சாரை போட்டது போட்டபடி பொந்துக்குள் புகுந்துகொண்டது. கீரியின் வாயில் சிக்கியது வெறும் சட்டைதான். 'பீடை ஒழிந்தது, அண்ணன் பிழைத்தார்' என்று பல்லி நிம்மதியாக மூச்சுவிட்டது.

ஏமாந்த ஆத்திரத்தில் கீரி சட்டையை உதறு உதறென்று உதறியது. பொந்துக்குள் சரசர சத்தம் கேட்கக் கேட்க, சாரைக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்தது. முடியவில்லை. தலையை வெளியே நீட்டியது.

"யோவ், மெதுவாப் பிடிய்யா! கிழிஞ்சுடப் போகுது!"

கீரி சட்டையைக் கீழே போட்டது.